உபரித் தோட்டாவா, கையால் நிரப்பியதா? துல்லியத்தை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணுவ உபரித் தோட்டாவில் பத்துச் சுட்டுவிட்டு, "பேரல் தேய்ந்துபோச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. பழைய போர்க்கால ரைஃபிளும் சாதாரண ராணுவத் தோட்டாவும் சேர்ந்து 100 மீட்டரில் 8 முதல் 10 செ.மீ குரூப் (இலக்கு அட்டையில் துளைகள் பரவிய அகலம்) போட்டால் அது வழக்கமான விளைவுதான். அதே ரைஃபிளில் நல்ல குண்டு வைத்து நிரப்பிய தோட்டாவைப் போட்டால் குரூப் பாதியாகச் சுருங்குவதும் உண்டு. பேரலைக் கழற்றும் முன் குற்றம் ரைஃபிளிலா, தோட்டாவிலா, சுடுபவரிடமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். (இங்கே தோட்டா என்பது முழுச் சுற்று, குண்டு என்பது பேரலை விட்டுப் பறப்பது மட்டும். கூடு என்பது வெடிமருந்தைத் தாங்கும் உலோகக் குழல், பிரைமர் என்பது அதன் அடியிலிருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி.)

மூன்று குண்டு குரூப்பை நம்புவது

ஒரே ரைஃபிளில் ஒரே தோட்டாவைச் சுட்டாலும், பத்துக் குண்டு குரூப் சராசரியாக மூன்று குண்டு குரூப்பைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாக இருக்கும். குண்டுகளின் எண்ணிக்கை கூடக் கூட, விலகிப்போகும் குண்டு ஒன்று வந்து சேர வாய்ப்பும் கூடுவதுதான் காரணம். ஆகவே கையால் நிரப்பியதில் மூன்று, உபரியில் பத்து என்று சுட்டு ஒப்பிட்டால், எது ஜெயிக்கும் என்பது சுடும் முன்பே முடிவாகிவிடுகிறது.

ஐந்து குண்டு குரூப்பும் தனியாக ஒன்று போதாது. எதையும் மாற்றாமல் சுட்டாலே அடுத்தடுத்த குரூப்கள் கால் பங்கு முன்பின் ஆவது சகஜம். 30 மி.மீ ஒன்று, 38 மி.மீ ஒன்று என்று வந்தால் எது மேல் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வகையிலும் குறைந்தது 20 குண்டுகள், ஒரே நாளில், ஒரே மணல்மூட்டையில் சாய்த்து, மாறி மாறிச் சுட வேண்டும். முதலில் உபரி முழுவதையும் முடித்துவிட்டு, பேரல் கொதிக்கும்போது மற்றதை எடுத்தால் சூட்டையும் அழுக்கையும்தான் அளக்கிறோம்.

இன்னொன்று: குரூப் எங்கே விழுகிறது என்பது துல்லியம் அல்ல. குண்டின் எடையும் வேகமும் மாறினால் விழும் இடம் மாறும். அதற்கு சைட்டைத் திருத்தினால் போதும்.

குறை எல்லாம் மருந்தில் என்று நினைப்பது

உபரி என்றதும் "மருந்து பழசு, வேகம் ஏறி இறங்குது" என்பார்கள். வேகம் மாறுவது உண்மைதான். ஆனால் வினாடிக்கு 800 மீட்டரில் கிளம்பும் .308 குண்டு 15 மீட்டர் குறைந்து கிளம்பினால், 100 மீட்டரில் அது சுமார் 3 மி.மீ மட்டுமே தாழும். 500 மீட்டரில் அதே வித்தியாசம் 10 செ.மீ-யைத் தாண்டும். 100 மீட்டரில் 9 செ.மீ சிதறலுக்கு வேகத்தைக் குறைசொல்ல வழியில்லை. வேறு இடத்தில் தேட வேண்டும்.

அந்த இடம் பெரும்பாலும் குண்டின் அடிப்பாகம். ஒரு ராணுவக் குண்டை உருவித் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். செம்பு உறை மூக்கிலிருந்து பின்னோக்கி இழுக்கப்பட்டு அடியில் மடிக்கப்பட்டிருக்கும். நடுவில் ஈயம் தெரியும். மடிப்பு ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருந்தால் அதிசயமில்லை. குண்டு பேரல் வாயை விட்டு விலகும் கணத்தில் வாயு அந்த விளிம்பைச் சுற்றித்தான் பீறிடுகிறது. விளிம்பு கோணலானால் ஒரு பக்கம் முந்திக்கொண்டு வெளியேறி, குண்டின் வாலைத் தள்ளிவிடும். துப்பாக்கிப் போட்டிக்கென்று செய்யும் போட்டிக் குண்டில் உறை அடியிலிருந்து முன்னோக்கி இழுக்கப்படுவதால் அடி சீராக மூடியிருக்கும், மூக்கில்தான் சிறு துளை. கூரான மூக்கு அழகுக்கு, துல்லியம் வாலில்.

இதோடு எஃகு உள்ளீடு வேறு. ரஷ்ய 7.62×54ஆர் இலகு ரகம், நேட்டோவின் எஸ்எஸ்109 போன்றவற்றில் எஃகும் ஈயமும் ஒரே மையத்தில் அமையாவிட்டால் சுழலும்போது குண்டு ஆடும்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சோதனை உண்டு. உபரித் தோட்டாவின் குண்டை உருவி, மருந்தைச் சற்றுக் குறைத்து, எல்லாக் கூட்டிலும் ஒரே அளவாக நிறுத்துப் போட்டு, அதே விட்டமுள்ள போட்டிக் குண்டை வையுங்கள். எடை பழைய குண்டைவிடக் கூடவே கூடாது. கூடினால் அழுத்தம் ஏறும். கூடு, பிரைமர், மருந்து மூன்றும் பழையதுதான். குரூப் சுருங்கினால் குற்றவாளி குண்டு. உருவிய மருந்தில் துருநிறத் தூசியோ காரமான நெடியோ இருந்தால் அந்தத் தொகுதியையே ஒதுக்கிவிட வேண்டும்.

எல்லா உபரியும் மட்டம் என்று ஒதுக்குவதும் தவறு. ஸ்விட்சர்லாந்தின் ஜிபி11 தோட்டா, 174 கிரெய்ன் எடையுள்ள குண்டோடு, பல கைநிரப்புகளுக்கு ஈடு கொடுக்கும்.

விட்டம் பார்க்காமல் குண்டு வாங்குவது

.303 லீ-என்ஃபீல்டுக்கு .308 அங்குலக் குண்டை வைத்தால் அது பேரலுக்குள் சுழல வைக்கும் வரிப்பள்ளத்தைப் பிடிக்காது. அட்டையில் பக்கவாட்டாகப் புகுந்த நீளத் துளை தெரியும். அதற்குத் தேவை .311 அல்லது .312. போர்க்காலப் பேரல்கள் அதையும் தாண்டி அகலமாக இருக்கலாம். மென்மையான ஈயத் துண்டைப் பேரலில் தட்டிச் செலுத்தி, மைக்ரோமீட்டரில் அளந்துவிட்டு வாங்குங்கள்.

ராணுவக் கூட்டில் பழைய அளவையே கொட்டுவது

7.62 நேட்டோ கூடுகள் பல, வணிகக் கூடுகளைவிடத் தடித்தவை. உள்ளே இடம் குறைவு. அதே அளவு மருந்துக்கு அழுத்தம் கூடும். சுட்ட கூட்டில் தண்ணீர் நிரப்பி நிறுத்தால் கொள்ளளவு தெரிந்துவிடும். கையேட்டின் தொடக்க அளவிலிருந்து படிப்படியாக ஏறுவதே வழி. அடியில் பொறித்த முத்திரை வெவ்வேறான கூடுகளைக் கலந்தால், கைநிரப்பும் கலந்த உபரிபோலத்தான் சுடும்.

பிரைமரைச் சுற்றி ராணுவம் போட்ட கிரிம்ப்பை (பிரைமர் கழலாதபடி நெருக்கிய விளிம்பை) நீக்காமல் புதிய பிரைமரை அழுத்தினால் அது நசுங்கும் அல்லது மேலே துருத்தி நிற்கும். எம்1 கேரண்ட் போல, பிரைமரைக் குத்தும் ஊசி தளர்ந்து நிற்கும் ரைஃபிளில், துருத்திய பிரைமர் போல்ட் மூடும்போதே வெடிக்கக்கூடும்.

லீ-என்ஃபீல்டில் தோட்டா உட்காரும் சேம்பர் தாராளமானது. கூடு ஒவ்வொரு முறையும் அடிக்கு மேலே நீண்டு மெலியும். முனையை மடக்கிய மெல்லிய கம்பியைக் கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். பள்ளத்தில் கம்பி சிக்கினால் அந்தக் கூட்டை நசுக்கி எறிந்துவிடுங்கள். மறுபடி நிரப்பும் முன் கூட்டை அச்சில் அழுத்தும்போது, அதன் தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) சற்றே பின்வாங்கும் அளவுக்கு மட்டும் அளவுபடுத்தினால் கூடு அதிக நாள் உழைக்கும்.

உபரி சுட்டபின் எண்ணெய் மட்டும் போடுவது

பழைய பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. சுட்டபின் பேரலில் தங்குவது பொட்டாசியம் குளோரைடு, ஒருவகை உப்பு. காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும். எண்ணெயில் அது கரையாது, தண்ணீரில் கரையும். அன்றைக்கே சுடுதண்ணீர் ஊற்றி, உலர்த்தி, பிறகு எண்ணெய் போடுங்கள். போல்ட் முகப்பையும் வாயுக் குழலையும் விட்டுவிடாதீர்கள். இதைத் தவறவிட்ட பேரலில் பொடிக்குழிகள் விழும். அதன்பின் எவ்வளவு கவனமாக நிரப்பிய தோட்டாவானாலும் முந்தைய குரூப் திரும்பாமல் போகலாம்.