எழுத்தாளர்களே வெளியிடும் தமிழ்ப் புத்தகங்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

பதிப்பகம் இல்லாமல் எழுத்தாளரே நேரடியாக வெளியிடும் நூல்களைத்தான் இப்போது அதிகம் படிக்கிறேன். 2016-இல் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலுக்குத் தமிழ் வந்த பிறகு இவை ஏராளமாக வருகின்றன. ஆனால் கடையின் முகப்பில் தெரிவதில்லை, தேடித்தான் எடுக்க வேண்டும். நான் தேடும் வழி இது.

படி 1: எங்கே தேடுவது

கிண்டில், பிரதிலிபி, ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் ஆகிய மூன்று தளங்களும் போதும். நாவலுக்கும் சிறுகதைத் தொகுப்புக்கும் நான் முதலில் போவது கிண்டில். காதல், குடும்பம், அமானுஷ்யம் என்று தொடர்கதையாகப் படிக்கப் பிடிக்கும் என்றால் பிரதிலிபி. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸில் இருப்பவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது யாரும் நகலெடுத்துப் பகிரலாம் என்ற அனுமதியோடு வெளியான இலவச நூல்கள். கட்டுரை, கணினி நூல்களுக்கு என் முதல் தேர்வு அதுதான்.

ஒரே புத்தகத்தை மூன்று இடத்திலும் எதிர்பார்க்காதீர்கள். கிண்டிலில் தானே வெளியிடுபவர்களுக்கு அமேசான் வைத்திருக்கும் ‘கேடிபி செலக்ட்’ என்ற 90 நாள் திட்டத்தில் சேரும் எழுத்தாளர், அந்த நாட்களில் மின்னூலை வேறெங்கும் தரக்கூடாது. அதே 90 நாட்களில் 5 நாட்கள் இலவசமாகக் கொடுக்கலாம். அதனால் பிடித்த எழுத்தாளரின் பக்கத்தை அவ்வப்போது எட்டிப் பாருங்கள்.

படி 2: எப்படித் தட்டச்சு செய்வது

நான் பல நாள் சிக்கி நின்ற இடம் இது. தமிழில் மட்டும் தேடி, வந்த பட்டியலைப் பார்த்து இவ்வளவுதான் போல என்று நினைத்துவிட்டேன். பலர் தலைப்பைத் தமிழோடு ஆங்கில எழுத்திலும் பதிகிறார்கள், சிலர் ஆங்கில எழுத்தில் மட்டும். அதிலும் ஒருவர் எழுதுவது போல இன்னொருவர் எழுதுவதில்லை. ‘சிறுகதை’யை எஸ் போட்டுத் தொடங்குபவர் உண்டு, சி ஹெச் போடுபவரும் உண்டு. நடுவில் வரும் ‘த’வுக்கு டி ஹெச்சா (th), வெறும் டியா (t) என்பதும் அவரவர் வழக்கம். ‘ழ’ வந்தால் குழப்பம் இன்னும் கூடும்.

அதனால் ஒரு சொல்லைத் தமிழில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாகத் தேடுங்கள். அப்புறம் வரிசையை ‘வெளியான தேதி’க்கு மாற்றுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே நன்றாக விற்பவையே மேலே நிற்கும்.

படி 3: சொந்த வெளியீடுதானா?

நூல் விவரத்தில் பதிப்பாளர் பெயரைப் பாருங்கள். அந்த வரியே இல்லை, அல்லது எழுத்தாளர் பெயரே அங்கே இருக்கிறது என்றால் பெரும்பாலும் சொந்த வெளியீடு.

படி 4: மாதிரியைப் படியுங்கள்

நட்சத்திரங்களை நான் பார்ப்பதில்லை. ஐந்தே பேர் மதிப்பிட்ட நூலில் அந்த எண் எதையும் சொல்லாது. மாதிரியை இறக்கி, கதையின் முதல் பக்கத்தை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். உரையாடல் உண்மையாக இருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். பிழைகள் கொஞ்சம் இருந்தால் பொறுத்துக்கொள்வேன், மெய்ப்புப் பார்க்க ஆள் வைக்க எல்லோருக்கும் வசதி இருக்காது. உரையாடல் செயற்கையாக இருந்தால் மூடிவிடுவேன்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மாதிரி என்பது நூலின் தொடக்கத்திலிருந்து சுமார் பத்து சதவீதம். சிறிய நூலில் அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை முடியும்போதே மாதிரியும் முடிந்துவிடும், கதை ஒரு வரிகூட வராது. அதற்காக அந்த நூலை ஒதுக்கிவிடாதீர்கள். அதே எழுத்தாளர் பிரதிலிபியிலோ தன் வலைப்பூவிலோ ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தா உங்களிடம் இருந்து, நூலும் அதில் இருந்தால் எடுத்து நேராக முதல் அத்தியாயத்துக்குப் போகலாம்.

படி 5: நன்றிப் பக்கம்

எனக்கு அதிகம் கொடுத்தது இதுதான். வரைவைப் படித்துக் கருத்துச் சொன்னவர்கள், பிழை திருத்தியவர்கள் என்று அங்கே நன்றி சொல்லியிருப்பார்கள். அவர்களில் பலர் தாங்களும் எழுதுபவர்கள், பெரும்பாலும் வேறு வகையில். துப்பறியும் நாவல் ஒன்றின் நன்றிப் பக்கத்திலிருந்து ஒரு கவிதைத் தொகுப்புக்கும், அங்கிருந்து ஒரு பயணநூலுக்கும் போனேன். தேடுபெட்டியில் அவை எனக்குக் கிடைத்திருக்காது.

பின்சேர்க்கை: ஃப்ரீதமிழ்ஈபுக்ஸில் இறக்கிய மோபி (கிண்டிலின் பழைய மின்னூல் வகை) கோப்பு கிண்டிலுக்குப் போகவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். நம் கோப்புகளைக் கிண்டிலுக்கு அனுப்ப உதவும் ‘செண்ட் டு கிண்டில்’ இப்போது மோபியை ஏற்பதில்லை. அதே நூலின் இபப் (இன்னொரு மின்னூல் வகை) கோப்பை இறக்கி அனுப்புங்கள். கைபேசியில் படிப்பவர்கள் ஏ4 அளவு பிடிஎஃப்பைத் தவிர்த்து, 6 அங்குலப் பிடிஎஃப்பை எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்து பெரிதாகத் தெரியும்.