மெயில் போகவில்லையா? டிஎன்எஸ்ஸில் தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

அலுவலகத்தில் மெயில் நின்றுவிட்டால், யாராவது ஒருவர் தன் லேப்டாப்பில் டொமைனைத் தேடிப் பார்த்துவிட்டு "எனக்குச் சரியாகத்தான் வருது" என்பார். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மெயிலை அனுப்புவது லேப்டாப் இல்லை, சர்வர். அந்தச் சர்வர் எந்த நேம்சர்வரிடம் (டொமைன் பெயருக்கு ஐபி முகவரி போன்ற விவரங்களைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர்) கேட்கிறது, அதற்கு என்ன பதில் வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சர்வருக்குள்ளேயே போய்ப் பார்த்தாலும் ஏமாற வாய்ப்பு உண்டு. பெயரையும் ஐபியையும் நாமே எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி சேர்க்கிறோம், அந்தக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கமாண்ட் ஓடுகிறது, மெயில் மட்டும் போகவில்லை. பிங் அந்த ஃபைலைப் பார்க்கும். மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் வெளியே அனுப்பும்போது வழக்கமான அமைப்பில் டிஎன்எஸ்ஸை மட்டுமே கேட்கும். அதனால் டிஎன்எஸ்ஸை நேரடியாகக் கேட்கும் டிக் கமாண்டில் எம்எக்ஸ் ரெக்கார்டை (டொமைனுக்கு வரும் மெயிலை எந்தச் சர்வர் வாங்கும் என்று சொல்வது) கேட்டுப் பாருங்கள், பிங்கை நம்பாதீர்கள்.

அப்புறம், லினக்ஸ் வகைகளான டெபியன், உபுண்டு ஓடும் பல சர்வர்களில் இன்னொரு பொறி இருக்கிறது. அங்கே போஸ்ட்ஃபிக்ஸின் அனுப்பும் பகுதி தனி அடைப்புக்குள் ஓடுகிறது, வெளியே உள்ள ஃபைல்களைப் பார்க்காது. நேம்சர்வர் முகவரிகள் இருக்கும் ரிசால்வ் கான்ஃப் ஃபைலின் நகல் ஒன்று அதன் ஸ்பூல் ஃபோல்டருக்குள் (மெயில்களை வைத்திருக்கும் இடம்) இருக்கும். நேம்சர்வரை மாற்றிய பிறகும் அந்த நகலில் பழைய முகவரியே கிடந்தால், டிக்கில் எல்லாம் சரியாகத் தெரியும், மெயில் மட்டும் அனுப்பக் காத்திருக்கும் வரிசையான க்யூவில் தேங்கும். இரண்டு ஃபைலையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய்தால் தீர்ந்தது.

சர்வர் தன் வேலைகளைக் குறித்துவைக்கும் லாக்கைப் படிக்காமல் ரீஸ்டார்ட் செய்வதுதான் கெட்ட பழக்கம். "ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட்" என்பதற்குப் பின்னால் "ட்ரை அகெய்ன்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நேம்சர்வரிடமிருந்து உருப்படியான பதில் வரவில்லை என்று அர்த்தம். மெயில் க்யூவில் காத்திருக்கும். இல்லாவிட்டால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்திருக்கிறது. மெயில் உடனே பவுன்ஸ் ஆகி, அனுப்பியவருக்கே திரும்பிவிடும். முதல் வகைக்கு அவசரமே இல்லை. வழக்கமான அமைப்பில் போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள் வரை தானாகவே முயன்று பார்க்கும். அதற்குள் க்யூவை அழித்துவிடுகிறார்கள் பாருங்கள், அதற்குத்தான் மருந்தே கிடையாது.

அதிகம் குழப்புவது, ஒரே டொமைன் பெயரை உள்ளேயும் வெளியேயும் வைத்திருக்கும் அலுவலகங்கள். உள் நேம்சர்வரில் அந்த டொமைனுக்கு ஒரு ஸோன் (அதன் ரெக்கார்டுகளின் தொகுப்பு) இருக்கும், ஆனால் எம்எக்ஸ் ரெக்கார்டு சேர்த்திருக்க மாட்டார்கள். எம்எக்ஸ் இல்லையென்றால் மெயில் நின்றுவிடாது. டொமைனின் ஏ ரெக்கார்டு காட்டும் ஐபி முகவரிக்குப் போகும். விண்டோஸ் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி இருக்கும் இடத்தில் அது டொமைன் கன்ட்ரோலர் என்ற அதன் சர்வர். அங்கே மெயில் வாங்கும் போர்ட் 25இல் கேட்க ஆள் இல்லை, லாக்கில் "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு" அல்லது "கனெக்ஷன் டைம்டு அவுட்" என்று வரும். உடனே எல்லோரும் ஃபயர்வாலைக் குடைய ஆரம்பிப்பார்கள். வெளியாட்களுக்கு மெயில் நன்றாகப் போகிறது, ஸ்கேனரிலிருந்து சொந்த டொமைனுக்கு அனுப்புவது மட்டும் போகவில்லை என்றால் இந்த எம்எக்ஸை முதலில் சந்தேகியுங்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. மெயில்பாக்ஸ்களை க்ளவுடுக்கு மாற்றிவிட்டு, பழைய சர்வரின் மைடெஸ்டினேஷன் வரியில் (எந்த டொமைன்களின் மெயில் தனக்கு என்று போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொல்லும் அமைப்பு) டொமைனை அப்படியே விட்டுவிடுவது. அந்த வரியில் பெயர் இருக்கும்வரை சர்வர் டிஎன்எஸ்ஸைக் கேட்கவே கேட்காது. மெயில் தனக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளும். லாக்கில் "யூஸர் அன்நோன்" வரும். எம்எக்ஸை எத்தனை முறை சோதித்தாலும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் கோளாறு அங்கே இல்லை.

பாதுகாப்புக்காக இரண்டாவது நேம்சர்வராக கூகுளின் பொது நேம்சர்வரான 8.8.8.8 போடுவதும் பரவலான தவறு. முதல் நேம்சர்வர் சற்றுத் தாமதித்தால் கேள்வி வெளியே போகும். உள் பெயர்களெல்லாம் அங்கே "இல்லை" என்றாகி, காத்திருக்க வேண்டிய மெயில் பவுன்ஸ் ஆகிவிடும். எப்போதாவது மட்டும் வருவதால் பிடிப்பது கஷ்டம். ஸ்பேம் பட்டியல்களிலும் இது இடிக்கும்: 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர் (பிறருக்காகத் தேடித் தரும் நேம்சர்வர்) வழியாகக் கேட்டால், ஸ்பேம் அனுப்பும் ஐபிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸ் 127.255.255.254 என்று பதில் தரும். அது பிழைக் குறியீடு. எந்தப் பதில் வந்தாலும் ஸ்பேம் என்று உங்கள் சர்வர் எடுத்துக்கொண்டால் நல்ல மெயிலும் திரும்பிப் போகும். சர்வரிலேயே அன்பவுண்ட் போல ஒரு ரிசால்வரை ஓட்டி, உள் ஸோனுக்கு மட்டும் அலுவலக நேம்சர்வரைக் காட்டிவிடுவது நல்லது.

ஐபியிலிருந்து பெயரைத் தேடும் பிடிஆர் ரெக்கார்டை உள் டிஎன்எஸ்ஸில் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. உங்களிடமிருந்து மெயில் வாங்கும் சர்வருக்கு அது தெரியவே தெரியாது. பொது ஐபிக்கான பிடிஆரைப் பெரும்பாலும் இன்டர்நெட் இணைப்பு தருபவரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு, அலுவலக நெட்வொர்க்குக்கு வெளியே ஒரு மொபைல் இணைப்பிலிருந்து சோதியுங்கள். வந்த பெயரைத் திரும்பத் தேடினால் அதே ஐபி வருகிறதா என்றும் பாருங்கள்.