மெஷின் குரலுக்குத் தமிழ் எழுதிக் கொடுப்பது எப்படி

நான் முன்பு வானொலியில் பகுதிநேர அறிவிப்பாளர். இப்போது யூடியூப் சேனல்களுக்கு ஸ்கிரிப்ட் சரிபார்க்கிறேன். அதாவது, ஒரு காலத்தில் என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருப்பார்களே, அந்த மாதிரி வரிகளை இப்போது கம்ப்யூட்டர் குரல் வாசிக்கிறது. அது உளறாமல் வாசிக்க நான் எழுதித் தருகிறேன். வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வாடகை கட்ட வேண்டும். அதோடு, தமிழைக் கடித்துத் துப்பும் காணொளிகளைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. தனி ஆளாகச் சேனல் நடத்துகிறவர்களுக்கு இது உபயோகப்படும்.

எண்களில் ஆரம்பியுங்கள். அதிகம் சொதப்புவது அங்கேதான். "1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தன" என்று எழுதியிருந்தால் நாம் கண்ணால் பார்த்ததுமே "ஐம்பத்தாறில்" என்று சேர்த்து வாசித்துவிடுவோம். பல மெஷின் குரல்கள் "ஐம்பத்தாறு" என்று முடித்துவிட்டு, ஒரு நொடி நின்று, தனியாக ஓர் "இல்" போடும். அதனால் வேற்றுமை உருபு ஒட்டும் எண்ணை எழுத்தாலேயே எழுதிவிடுங்கள்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில். 3-வது என்பதை மூன்றாவது என்றும், 60-ஐ என்பதை அறுபதை என்றும் எழுதுங்கள். 4.30 மணியை அப்படியே விட்டால் "நான்கு புள்ளி மூன்று பூஜ்ஜியம் மணி" என்று கேட்க நேரலாம். நாலரை மணி என்று எழுதினால் தீர்ந்தது. 2.5 லட்சமும் அப்படித்தான், இரண்டரை லட்சம். "10-15 பேர் வந்தார்கள்" என்பதில் நடுவில் இருக்கும் கோட்டை "மைனஸ்" என்று வாசிக்கும் குரலும் உண்டு. பத்துப் பதினைந்து பேர் என்று எழுதுங்கள்.

அடுத்தது புள்ளி. நமக்கு உ.வே.சா. ஒரே பெயர். மெஷினுக்கு அது மூன்று வாக்கியமாகத் தெரியலாம். உவேசா என்று ஒட்டி எழுதுங்கள். இல்லாவிட்டால் உ வே சாமிநாதையர் என்று புள்ளியில்லாமல் முழுப்பெயரைப் போடுங்கள். கி.மீ. என்பதைக் கிலோமீட்டர் என்றும், ரூ. 500 என்பதை ஐந்நூறு ரூபாய் என்றும் எழுதுங்கள். "திரு." பக்கத்தில் உள்ள புள்ளியையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மரியாதையைச் சொல்லிவிட்டு யாரென்று யோசிப்பது போல நிற்கும்.

இனி வருவதுதான் தலைவலி. தமிழில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்து. ஒலி மட்டும் இடத்துக்கு இடம் மாறும். பாவம் என்று எழுதியிருந்தால் அது இரக்கமா, நடனக் கலைஞர் முகத்தில் காட்டும் பாவமா என்று நமக்குச் சந்தர்ப்பம் சொல்லும். பாட்டில் என்றால் பாட்டுக்குள்ளா, தண்ணீர் பாட்டிலா? காந்தி, பாலாஜி மாதிரி அடிக்கடி வரும் பெயர்களைப் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடும். புழக்கத்தில் குறைவான பெயர்களும் ஊர்களும் வந்தால்தான் முதல் எழுத்தைத் தப்பாக அழுத்தும். இதற்கு எல்லா மென்பொருளுக்கும் பொருந்தும் மருந்து கிடையாது. நான் முதலில் சந்தர்ப்பத்தைச் சேர்த்துப் பார்ப்பேன்: "பாட்டில் உடைந்தது" என்பதைத் "தண்ணீர் பாட்டில் உடைந்தது" ஆக்குவேன். அதற்கும் மசியாவிட்டால் அந்த ஒரு சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் அடித்துப் பார்ப்பேன். சில மென்பொருளில் எடுபடும். அதுவும் பலிக்காவிட்டால் சொல்லையே மாற்றிவிடுவேன். ஒரு சொல்லோடு மல்லுக்கட்டி அரைநாளை வீணாக்காதீர்கள்.

ஒற்றெழுத்தையும் விட்டுவிடாதீர்கள். "அந்த பையன்" என்று எழுதியிருந்தாலும் மனிதர் தாமாகவே அழுத்தி "அந்தப் பையன்" என்று வாசித்துவிடுவார். மெஷின் எழுதியபடி வாசிக்கும். சந்தி இலக்கணத்தை இத்தனை வருஷம் கேலி செய்தவர்களெல்லாம் இப்போது என்னிடம் "இங்கே க் வருமா?" என்று கேட்கிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் அற்ப சந்தோஷம்.

அழுத்தம் தருவதற்குத் தமிழிலேயே வசதி இருக்கிறது. மனிதர் குரலை உயர்த்திக் காட்டும் இடத்தில் நீங்கள் இடைச்சொல்லைப் போடுங்கள். "கிணற்றை அவர் வெட்டினார்" என்பதை மெஷின் ஒரே சமமாகச் சொல்லும். "கிணற்றை வெட்டியதே அவர்தான்" என்று எழுதினால் சமமாகச் சொன்னாலும் விஷயம் போய்ச் சேரும். தான், ஏ, கூட, மட்டும் இந்த நான்கும் கைவசம் இருந்தால் போதும். வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள். நம் வினைச்சொல் கடைசியில் வருவதால், நீளமான வாக்கியத்தில் மெஷின் நடுவிலேயே சுருதி இறங்கிவிடும். கேட்பவர் முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னும் ஐந்து சொல் வரும். நிறுத்தம் வேண்டிய இடத்தில் எஸ்எஸ்எம்எல் என்ற குறியீட்டில் இடைவெளியை நொடிக்கணக்கில் கொடுக்கலாம். பெரிய சேவைகள் பலவற்றில் அது உண்டு.

பேச்சுத் தமிழில் எழுதினால் இயல்பாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. "வந்துட்டான்" என்று நாம் சொல்லும்போது கடைசி ன் மூக்கோடு கரைந்துவிடும், காதில் முழுசாக விழாது. மெஷின் அந்த ன்-னை ஆணி அடித்த மாதிரி சொன்னால் அங்கேயே குட்டு உடைந்துவிடும். எளிய எழுத்துத் தமிழே பாதுகாப்பு.

குரலைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்பவர் எந்த நாடு என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட்டில் இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் என்றும், இலங்கைக்குச் சரண்யா, குமார் என்றும், சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு என்றும், மலேசியாவுக்குக் கனி, சூர்யா என்றும் தனித்தனிக் குரல்கள் இருக்கின்றன. ஒரே பத்தியை எல்லாவற்றிலும் ஓட்டிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எங்கே மனிதர் வேண்டும்? பங்குச்சந்தை, வானிலை, விண்ணப்பம் நிரப்புவது எப்படி என்பதற்கெல்லாம் மெஷின் போதும், சண்டைக்கு வர மாட்டேன். சிறுகதை, நினைவஞ்சலி, வட்டார வழக்கில் உரையாடல் வரும் எதுவும் ஆளிடம் போக வேண்டும். கோபித்துக்கொண்டு "சரி" என்பதற்கும் சம்மதித்துச் "சரி" என்பதற்கும் எழுத்தில் வித்தியாசமே இல்லை. எந்தக் குறியீடு போட்டும் அதை என்னால் வாங்க முடியவில்லை.

ஒருவருடைய குரலை நகலெடுக்கப் போகிறீர்களா? அனுமதியும் பணமும் முதலில். 2024-ல் 'லால் சலாம்' படப் பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவால் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். குரல் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கனடாவின் குரல் கலைஞர் பெவ் ஸ்டாண்டிங் மொழிபெயர்ப்பு வேலைக்கென்று பதிவு செய்து கொடுத்த குரல், அனுமதியில்லாமல் டிக்டாக்கில் ஒலிப்பதாக 2021-ல் வழக்குப் போட்டார், அதே ஆண்டு சமரசமானது. ஒப்பந்தத்தில் "செயற்கைக் குரல் உருவாக்கப் பயன்படுத்தக் கூடாது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் காரணம் கேளுங்கள்.

யூடியூபில் நிஜ மனிதர் சொல்லாததைச் சொன்னது போலக் காட்டினால், பதிவேற்றும்போதே தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2024 மார்ச்சில் வந்தது. சாதாரண வாசிப்புக் குரலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருந்தாலும் விளக்கக் குறிப்பில் "கணினிக் குரல்" என்று நான் எழுதச் சொல்லுவேன். எப்படியும் கேட்பவர் கண்டுபிடிக்கத்தான் போகிறார்.

கடைசியாக, ஸ்கிரிப்டைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்க்காதீர்கள். கண் திருத்திவிடும், காது ஏமாந்துவிடும். ஸ்கிரிப்டைப் பார்க்காத ஒருவரிடம் ஆடியோவை மட்டும் கொடுத்து, புரியாத இடம் எத்தனையாவது நிமிடம் என்று குறிக்கச் சொல்லுங்கள். அந்த இடங்களை மட்டும் மாற்றி எழுதி மறுபடி ஓட்டுங்கள். அந்த ஆளுக்கும் கூலி கொடுங்கள்.