சுற்றத் தொடங்குமுன்: நவக்கிரக மேடையைப் பார்க்கப் பழகுதல்

கும்பகோணத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் நவக்கிரகத் தலங்களுக்கு வந்தால் என்னைத் துணைக்கு அழைப்பார்கள். மேடையைக் கண்டதும் கைகூப்பிக்கொண்டு சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். ஒன்பது சுற்று முடிந்தபின், "இதில் புதன் எது?" என்று கேட்டால் விழிப்பார்கள். சுற்றுவதை நான் குறை சொல்லவில்லை. அதற்கு முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள் என்கிறேன். சிற்பி கல்லில் செதுக்கியதும், புராணம் சொல்லும் கதையும், ஜோசியர் கட்டத்தில் போடும் கணக்கும் ஒரே விஷயத்தைத்தான் மூன்று விதமாகச் சொல்கின்றன.

முதலில் திசை. சிவன் கோயில்களில் பெரும்பாலும் ஈசானிய மூலையில் மேடை இருக்கும். பெருமாள் கோயில்களில் தேட வேண்டாம். மதுரை கூடலழகர் கோயில் போல ஒன்றிரண்டு விலக்குகள் உண்டு. மேடையின் நடுவே கிழக்கு பார்த்து நிற்பவர் சூரியன். அவரை வைத்து மற்றவர்களைப் பிடித்துவிடலாம். கிழக்கே சுக்கிரன், தென்கிழக்கே சந்திரன், தெற்கே செவ்வாய், தென்மேற்கே ராகு, மேற்கே சனி, வடமேற்கே கேது, வடக்கே குரு, வடகிழக்கே புதன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி நிறுத்தியிருப்பார்கள். இது பரவலான அமைப்பு, அவ்வளவுதான். வைதிக முறை, ஆகம முறை என்று கோயிலுக்குக் கோயில் இடம் மாறும். திருவாரூரிலும் வைத்தீஸ்வரன்கோயிலிலும் ஒன்பது பேரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஆகவே இடத்தை மட்டும் நம்பாமல் கையையும் வாகனத்தையும் பாருங்கள்.

அதில் ஒரு சங்கடம். இடுப்பிலிருந்து கழுத்துவரை துணியைச் சுற்றி, மேலே மாலையும் போட்டுவிட்டால் கையாவது, ஆயுதமாவது! அபிஷேக நேரத்தில் போனால் முழு உருவமும் தெரியும். இல்லையென்றால் துணியின் நிறமே துப்பு. சூரியனுக்கும் செவ்வாய்க்கும் சிவப்பு, சந்திரனுக்கும் சுக்கிரனுக்கும் வெள்ளை, புதனுக்குப் பச்சை, குருவுக்கு மஞ்சள், சனிக்குக் கறுப்பு அல்லது நீலம், கேதுவுக்குப் பல வண்ணம்.

சூரியனின் இரண்டு கைகளையும் பாருங்கள். தோள் உயரத்துக்குத் தூக்கிய தாமரைகள் இருக்கும். தேர் செதுக்கியிருந்தால் ஏழு குதிரை, ஒற்றைச் சக்கரம், தொடைக்குக் கீழே உடல் இல்லாத சாரதி அருணன். அந்தச் சக்கரம்தான் ஆண்டு. பன்னிரண்டு ஆரங்கள் மாதங்கள் என்றும், விளிம்பான ஆறு வட்டைகள் பருவங்கள் என்றும் பாகவதம் விவரிக்கிறது. சந்திரன் கையில் தாமரைக்குப் பதில் ஆம்பல். இரவில் மலரும் பூ அல்லவா? அவர் தேருக்குப் பத்து வெள்ளைக் குதிரைகள்.

செவ்வாய்க்கு ஆட்டுக்கிடா வாகனம், கையில் சக்தி ஆயுதம். பூமியின் மகன் என்பதால் மனை, நிலம் தொடர்பான வேண்டுதல்கள் இவரிடம் போகின்றன. வானத்தில் வெறுங்கண்ணுக்கே சிவந்து தெரிவதால் நிறத்துக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

புதன் சிங்கத்தின் மேல் வாளும் கேடயமுமாக இருப்பார். இங்கேதான் கதை சூடுபிடிக்கிறது. குருவின் மனைவி தாரைக்கும் சந்திரனுக்கும் பிறந்த பிள்ளை இவர். இனி ஜோதிடத்தின் நட்பு-பகை அட்டவணையை எடுங்கள். சந்திரனுக்குப் புதன் நட்பு; புதனுக்கோ சந்திரன் பகை. குருவுக்குப் பகைவர்கள் இருவர்: ஒருவர் இந்தப் புதன், மற்றவர் அசுரகுருவான சுக்கிரன். சூரியனும் அவர் மகன் சனியும் பரஸ்பரம் பகை. குடும்பச் சண்டையை மனத்தில் வைத்துக்கொண்டால் அட்டவணையில் பாதி தானாக மனப்பாடம் ஆகிவிடும்.

குருவைப் பற்றி அவசியம் ஒன்று சொல்ல வேண்டும். வியாழக்கிழமை கொண்டைக்கடலை மாலையோடு எல்லோரும் போய் நிற்பது தட்சிணாமூர்த்தி முன்னால். அவர் கருவறையின் தெற்குச் சுவரில், ஆலமரத்தடியில், முயலகனை மிதித்து, சின்முத்திரை காட்டித் தெற்கு நோக்கி அமர்ந்திருக்கும் சிவன். தேவர்களின் ஆசான் பிருகஸ்பதி வேறு. கையில் தண்டமும் ஜபமாலையும் கமண்டலமும் கொண்டு மேடையில் நிற்பவர் அவர்தான். ஆலங்குடியில் தட்சிணாமூர்த்தியையே குருவாக வழிபடுகிறார்கள். அந்த மரபைப் பிடித்துக்கொண்டு எல்லா ஊரிலும் இருவரையும் ஒன்றாக்கிவிட்டோம். கும்பிடுவதில் பாவமில்லை. ஆனால் மேடையில் வடக்கே ஒருவர் மாலையில்லாமல் நிற்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

சுக்கிரனுக்கு ஒரு கண் கிடையாது. மகாபலி நீர் வார்த்துத் தானம் கொடுக்கப் போன நேரத்தில், இவர் வண்டாகிக் கமண்டல மூக்கை அடைத்துக்கொண்டார். வாமனர் தர்ப்பையால் குத்தினார், கண் போயிற்று. கல்லில் இதைக் காட்டுவது அபூர்வம்.

சனியை நிதானமாகப் பாருங்கள். நேருக்கு நேர் நிற்கக்கூடாது என்று ஒதுங்குவார்கள். ஒதுங்கி நின்றும் பார்க்கலாமே. காகம் காலடியிலோ பின்னாலோ இருக்கும். கால் ஊனம் என்று கதைகள் சொல்லும். காரணம் பல. எனக்குப் பிடித்தது ராவணன் கதை. மகன் இந்திரஜித்து பிறக்கும்போது எல்லாக் கிரகங்களும் லாப வீடான பதினொன்றில் நிற்கவேண்டும் என்று ராவணன் கட்டளையிட்டானாம். சனி மட்டும் ஒரு காலை விரய வீடான பன்னிரண்டில் நீட்டிவிட்டார். ஆத்திரத்தில் அந்தக் காலை ராவணன் வெட்டினான். கதையை விட்டுவிட்டு வானத்தைப் பாருங்கள்: கண்ணுக்குத் தெரியும் கோள்களில் மிக மெதுவாக நகர்வது சனி. ராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய முப்பது ஆண்டு. ஒரு ராசிக்கு இரண்டரை ஆண்டு வீதம், ஜன்ம ராசியும் அதன் முன்னும் பின்னுமாக மூன்று ராசிகள்; அதுதான் ஏழரை. நொண்டிக் கால் அந்த நடையின் உருவம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியாக ராகுவும் கேதுவும். அமுதம் திருடிக் குடித்த அசுரனைத் திருமால் வெட்டினார். அசுரத் தலையும் பாம்பு உடலும் சேர்ந்து ராகு. அசுர உடலும் பாம்புத் தலையும் சேர்ந்து கேது. மேடையில் குழப்பம் வந்தால் தலையைப் பாருங்கள்: படம் எடுத்திருந்தால் கேது. இவை கோள்கள் அல்ல. சூரியனின் பாதையைச் சந்திரனின் பாதை வெட்டும் இரண்டு புள்ளிகள். அங்கேதான் கிரகணம் நேரும். ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் கோளறு பதிகத்தில் வார நாட்களின் ஏழு கோள்களையும் சொல்லி, இவற்றைப் 'பாம்பிரண்டும்' என்று சேர்த்துவிட்டார்.

இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். பீரோவில் இருக்கும் ஜாதகங்களை எடுத்து விரியுங்கள். யாருடையதானாலும் ராகுவும் கேதுவும் நேர் எதிர்க் கட்டங்களில் இருக்கும். புதன் சூரியனோடு அதே கட்டத்திலோ அடுத்த கட்டத்திலோதான் இருக்கும். சுக்கிரன் இரண்டு கட்டத்துக்கு மேல் விலகாது. இதற்கு மாறாக எழுதியிருந்தால் கணித்தவரிடம் திரும்பக் கொடுத்துவிடுங்கள்.

பிள்ளைகளை அழைத்துப் போவதாக இருந்தால் நவதானியப் பொட்டலம் ஒன்று வாங்கிப் பிரித்துக் கையில் கொடுங்கள். கோதுமை, நெல், துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு. சூரியன் தொடங்கிக் கேது முடிய இதே வரிசை. பச்சைப்பயறும் எள்ளும் நிறத்தாலேயே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். கொள்ளில்தான் பிள்ளைகள் திணறுவார்கள்.

ஓரளவு பழகியபின் ஆடுதுறைக்குப் பக்கத்தில் உள்ள சூரியனார்கோயிலுக்குப் போங்கள். முதலாம் குலோத்துங்கன் (1070–1120) காலத்துக் கோயில். இங்கே ஒவ்வொருவருக்கும் தனிச் சன்னதி. யாரும் முகம் திருப்பிக்கொள்ளாமல் நடுவே இருக்கும் சூரியனைப் பார்த்தபடி இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெருக்கும். வாரநாள் காலையில் போவது நல்லது. பென்சிலும் சிறு நோட்டும் கொண்டுபோங்கள். கேமராவுக்குத் தடை போடும் கோயில்களில்கூட நான் வரைவதை யாரும் தடுத்ததில்லை.