சாமி நம்பாதவர் சாமிப் படம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வழக்கமான சனிக்கிழமைப் படம். கடைவீட்டு மாடி, வெள்ளைச் சுவர், இரவல் புரொஜெக்டர், பன்னிரண்டு பேர். கார்ல் டிரையர் 1955இல் எடுத்த ‘ஓர்டெட்’ ஓடிக்கொண்டிருந்தது. டென்மார்க்கில் ஒரு பண்ணை வீடு. பிரசவத்தில் இறந்துபோன மருமகள் இங்கர் சவப்பெட்டியில் கிடக்கிறாள். சித்தம் கலங்கித் தன்னை இயேசு என்றே சொல்லித் திரிந்த கொழுந்தன் யோஹானஸ் உள்ளே வருகிறான். இங்கரின் சின்ன மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் எழுப்பு சித்தப்பா என்று அவசரப்படுத்துகிறாள். அவன் பேசுகிறான். கோத்துவைத்த விரல்கள் மெல்ல அசைகின்றன.

அந்த இடத்தில் எங்கள் பையன் ஒருவன் மடிக்கணினியைத் தட்டிப் படத்தை நிறுத்தினான். “செத்திருக்க மாட்டா. மயக்கமா இருந்திருப்பா, டாக்டர் தப்பா சொல்லியிருப்பாரு” என்று விளக்க ஆரம்பித்தான்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதையே நான் ஒருகாலத்தில் செய்திருக்கிறேன். அதனால் இழந்ததும் கொஞ்சம் இல்லை. அந்த இரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

நானும் சாமி கும்பிடாதவன்தான். 1954இல் பெரியார் இரண்டாம் முறையாக மலாயா வந்தபோது கூட்டம் கேட்க சைக்கிள் மிதித்துப் போனவர் என் தாத்தா. ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான எங்கள் லயத்து வீட்டில் ஒரு சுவரில் பெரியார், எதிர்ச் சுவரில் மாரியம்மன். இரண்டுக்கும் நடுவில் பாய் போட்டுப் படுத்து வளர்ந்தவன். படம் ஓடும்போது கைபேசி பார்க்காதீர்கள், பக்கத்தில் பேசாதீர்கள் என்பதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. நம்மைப் போன்றவர்கள் மட்டுமே செய்கிற தவறுகளைச் சொல்கிறேன்.

சடங்கு தெரியாமல் உட்காருவது

நம்பிக்கை இல்லை, அதனால் தெரிந்துகொள்ளவும் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறோம். ‘ஓர்டெட்’டில் பண்ணைக்காரரின் கடைசி மகன் தையற்காரரின் மகளைக் கேட்கிறான். இரண்டு வீடும் கிறிஸ்தவ வீடுதான், ஆனால் பெண் தர மறுக்கிறார் தையற்காரர். இதற்கு ஏன் இவ்வளவு நேரம் என்று எங்கள் பிள்ளைகள் நெளிந்தார்கள். பண்ணைக்காரர் குருண்ட்விக் என்ற பாதிரியாரின் வழி. இந்த வாழ்க்கையையே கடவுள் கொடுத்த சந்தோஷமாகப் பார்ப்பவர்கள். தையற்காரர் ‘உள் மிஷன்’ வழி. பாவம், மனம் திரும்புதல் என்று இறுக்கமாக இருப்பவர்கள். நம் தோட்டத்தில் மேல் லயத்துக்கு ஒரு கோயில், கீழ் லயத்துக்கு ஒரு கோயில் இருந்தன. ஒரே அம்மன், இரண்டு கமிட்டி, அதனாலேயே நின்றுபோன கல்யாணங்கள். அதை நினைத்துக்கொண்டு பார்த்தால் டென்மார்க்கின் சண்டை நம் வீட்டுச் சண்டையாகிவிடும்.

எம்.டி.வாசுதேவன் நாயரின் மலையாளப் படம் ‘நிர்மால்யம்’ (1973) போட்ட இரவில் இன்னொன்று நடந்தது. அதன் நாயகர் வெளிச்சப்பாடு, அதாவது அம்மன் அருள் வந்து, வாளால் தன் நெற்றியை வெட்டிக்கொண்டு வாக்குச் சொல்பவர். கோயிலைக் கவனிக்க ஆளில்லை, வீட்டில் பட்டினி, குடும்பமே சிதறிப்போகிறது. கடைசியில் அவர் ஆடி, நெற்றியைப் பிளந்துகொண்டு, வாயில் வழிந்த இரத்தத்தை அம்மன் சிலை மீதே துப்பிவிட்டுச் சாய்கிறார். மாடியில் கைதட்டல். ‘நம்ம ஆளு’ என்றான் ஒருவன். அவர் நம் ஆள் இல்லை. அங்கே அம்மன் இருக்கிறாள், கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று கடைசி மூச்சுவரை நம்பியவரால்தான் அப்படித் துப்ப முடியும். நமக்கு அங்கே துப்புவதற்கு யாரும் இல்லை. வாள் எதற்கு, அருள் என்றால் என்ன என்று முன்பே தெரிந்திருந்தால் அந்தக் கைதட்டல் வந்திருக்காது.

இயக்குநர் நம்புகிறவரா என்று முதலில் தேடுவது

தேடாதீர்கள். படம் பார்த்த பிறகு வேண்டுமானால் படியுங்கள். இத்தாலிய இயக்குநர் பசோலினி நாத்திகர், மார்க்சியர். 1962இல் போப் வருகையால் அசிசி ஊரே நெரிசலில் திணறியபோது அறையிலேயே முடங்கிக் கிடந்தார். அங்கே இருந்த நற்செய்தி நூலை எடுத்துப் படித்தார். இரண்டு வருடம் கழித்து மத்தேயு நற்செய்தியைப் படமாக்கி, அதற்குள் காலமாகிவிட்ட அந்தப் போப்பின் நினைவுக்கே சமர்ப்பித்தார். வயதான மரியாளாக நடித்தவர் அவருடைய சொந்த அம்மா சுசான்னா. சுசான்னாவின் இளைய மகன் 1945இல் போரின் கடைசி மாதங்களில் கொல்லப்பட்டவன். சிலுவைக்குக் கீழே அந்தக் கிழவி சுருண்டு விழும்போது, எடுத்தவர் நம்புகிறவரா என்ற கேள்விக்கு அங்கே என்ன வேலை?

வேகத்தைக் கூட்டிப் பார்ப்பது

கூட்டாதீர்கள். காத்திருப்பதுதான் இந்தப் படங்களில் பாதிக் கதை.

நிறுத்தி விளக்குவது

எல்லாவற்றிலும் மோசமானது இதுதான். விளக்கமாகவே சொல்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. சத்யஜித் ராயின் ‘தேவி’ (1960) டிவிடி கைக்குக் கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளம். ஜமீன்தார் மாமனாருக்கு ஒரு கனவு வருகிறது: இளைய மருமகள் தயாமயி காளியின் அவதாரம். விடிந்ததும் அவள் காலில் விழுகிறார். அவளைப் பீடத்தில் உட்காரவைத்துப் பூசை நடக்கிறது. பதினேழு வயதுப் பெண். புருஷன் கல்கத்தாவில் படித்துக்கொண்டிருக்கிறான்.

இதை என் அத்தைக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி லயத்தை இடித்த பிறகு எங்களோடு டவுன் வீட்டுக்கு வந்துவிட்டவர். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார். இந்தப் படத்தைப் பார்த்தால் புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். அவருக்கு வங்காளமும் தெரியாது, திரையில் ஓடிய ஆங்கிலமும் தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அதனால் எங்கே நிறுத்துவது, எதைச் சொல்வது என்பதெல்லாம் என் கையில்தான் இருந்தது.

மாமனார் காலில் விழும் காட்சி வந்தது. தயாமயி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள், கால்விரல்கள் உள்ளே மடங்குகின்றன. நான் தற்செயலாகக் கீழே பார்த்தேன். தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அத்தையின் கால்விரல்களும் மடங்கின. பிறகு அவர் இரண்டு பாதங்களையும் புடவைக்குள் இழுத்துக்கொண்டார். கண்ணால் பார்த்தேன், என்னவென்று கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம், சாகக் கிடக்கும் ஒரு குழந்தையைத் தூக்கிவந்து அவள் முன்னால் கிடத்துகிறார்கள். தீர்த்தம் கொடுக்கிறார்கள். குழந்தை கண் திறக்கிறது. நான் படத்தை நிறுத்தினேன். “பாத்தீங்களா அத்தை, காய்ச்சல் தானா எறங்கியிருக்கு. இப்படித்தான் எல்லாரும் ஏமாறுறாங்க.” அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

புருஷன் ஊருக்கு வந்து, இரவோடு இரவாக அவளை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போகிறான். படகேறித் தப்பித்துவிடலாம். கரையில், கரைத்துவிட்ட சாமி சிலையின் எலும்புக்கூடு நிற்கிறது. அதைப் பார்த்ததும் அவள் நின்றுவிடுகிறாள். நான் நிஜமாகவே தேவியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறாள். நான் மறுபடி நிறுத்தினேன். மூளைச்சலவை என்றால் என்ன என்று பேச ஆரம்பித்தேன். அத்தை முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். “நீயே பேசிக்கிட்டிரு தம்பி. அடுப்புல பால் வச்சிருக்கேன்.” அடுப்பில் பால் இல்லை. அதற்கப்புறம் அவர் என்னோடு உட்கார்ந்து எந்தப் படமும் பார்த்ததில்லை.

ஆறு வருடம் கழித்து அத்தை இறந்துபோனார். கருமாதியன்று சின்னத்தை சொல்லித்தான் தெரியும். பதினாறு வயதில், தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அத்தைக்கு அருள் வந்ததாம். அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அவரை மணை போட்டு உட்காரவைத்தார்கள். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வீட்டிலிருந்து கணக்கெழுதும் கிராணி வீடுவரை வந்து காலில் விழுந்து வாக்குக் கேட்டார்கள். ஒருநாள் காய்ச்சல் கண்ட குழந்தை ஒன்றை அவர் மடியில் போட்டார்கள். அந்தக் குழந்தை என்ன ஆனது என்று சின்னத்தைக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அத்தை எந்தக் கோயிலிலும் வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை, அது மட்டும் தெரியும் என்றார். எனக்கும் அது தெரியும். சின்ன வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலில் நின்றவன் நான். உள்ளே கூட்டம் அதிகம், அதனால் நிற்கிறோம் என்று நினைத்திருந்தேன்.

ஆற்றங்கரையில் தயாமயி கேட்ட கேள்வியை வாழ்ந்து பார்த்த ஒரு மனுஷி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் பேசாமல் இருந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். இந்த எரிச்சல் தணியவே இல்லை.

இது குடும்பத்துக்குள் மட்டும் வந்த நஷ்டம் இல்லை. நிறுத்தி விளக்கியதில் படமே கெட்டுப்போனது. குழந்தை ஏன் பிழைத்தது என்று ராய் சொல்வதில்லை. அவள் சந்தேகம் முழுக்க அந்த ஒரு குழந்தை மீதுதான் நிற்கிறது. அது பிழைக்காமல் போயிருந்தால் அவள் படகில் ஏறியிருப்பாள். அது தற்செயல் என்று நாம் முடிவுகட்டிவிட்டால், அவள் ஏன் திரும்பி நடக்கிறாள் என்பது நமக்குப் புரியாது, ஏமாளியாகத்தான் தெரிவாள். ‘ஓர்டெட்’டிலும் இதே கதிதான். இங்கரின் கணவன் மிக்கெல் நம்மைப் போல் நம்பிக்கை இல்லாதவன். அவள் ஆன்மா கடவுளிடம் இருக்கிறது என்று அப்பா தேற்றும்போது, அவள் உடம்பையும் நான் நேசித்தேனே என்று அழுகிறான். அந்த அழுகைக்குப் பிறகுதான் விரல் அசைகிறது. மயக்கமா, அற்புதமா என்று நாம் வழக்குப் பேசிக்கொண்டிருந்தால் அவன் முகத்தைப் பார்க்கத் தவறிவிடுவோம்.

இப்படி நடந்திருக்குமா என்று கேட்பதை விட்டுவிடுங்கள். இதை நம்புகிறவர் அடுத்து என்ன செய்தாக வேண்டும், அதற்கு அவர் எதைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று கேட்டுக்கொண்டு பாருங்கள். விளக்கம் எங்கேயும் போய்விடாது, மறுநாள் காலையிலும் இருக்கும்.

கண் கலங்கினால் தோற்றுவிட்டதாக நினைப்பது

தோற்கவில்லை. துடைத்துக்கொண்டு பாருங்கள்.

நம் ஊர்ச் சாமிப் படங்களை ஒதுக்குவது

டென்மார்க், இத்தாலிப் படங்களுக்கு மூச்சுவிடாமல் உட்காரும் அதே பிள்ளைகள் ‘திருவிளையாடல்’ (1965) என்றால் சிரிக்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. தோட்டத்துத் திடலில் திரை கட்டி அந்தப் படத்தைப் போட்டபோது சனம் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு உட்கார்ந்ததாக அம்மா சொல்வார். அந்தப் படத்தில் ஒரு புலவர் எழுந்து, நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமே என்று சிவனிடமே சொல்கிறார். அந்த நக்கீரராக நடித்தவர் படத்தை எழுதி இயக்கிய ஏ.பி.நாகராஜனே. பக்திப் படத்துக்குள் சாமியோடு வாதாடும் இடத்தை அவர் தனக்கு எடுத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிய சனம் அந்த இடத்துக்கும் சேர்த்துத்தான் கைதட்டியது.

‘இது நமக்கான படம் இல்லை’ என்பது

சுவீடன் இயக்குநர் பெர்க்மனின் ‘விண்டர் லைட்’ (1963) பாருங்கள். நம்பிக்கை வற்றிப்போன ஒரு பாதிரியார். உதவி கேட்டு வந்த மீனவனுக்குத் தன் சந்தேகத்தைத்தான் கொடுக்க முடிகிறது. அவன் போய்ச் சுட்டுக்கொண்டு சாகிறான். அன்று மதியம் இன்னொரு தேவாலயத்தில் வழிபாடு. சபையார் யாரும் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் மார்த்தா, கடவுளை நம்பாத பள்ளி ஆசிரியை. பாதிரியார் எழுந்து வழிபாட்டைத் தொடங்குகிறார். அவள் உட்கார்ந்திருந்ததைப் போல நாமும் உட்கார்ந்து பார்க்கலாம்.

அடுத்த மாதம் ‘தேவி’ போடுகிறோம். சின்னத்தை வருவதாகச் சொல்லியிருக்கிறார், இன்னும் இரண்டு பாட்டிகளை அழைத்துக்கொண்டு. வசனத்தை மட்டும் தமிழில் சொல்ல ஒரு பெண் இருக்கிறாள். மடிக்கணினி என் பக்கத்தில் இருக்கும், யாரும் தொட வேண்டாம். விளக்கைப் போட்டதும் முதலில் பாட்டிகள் பேசட்டும். அவர்கள் பேசவில்லை என்றால் தேநீர் குடித்துவிட்டுக் கலைந்து போவோம்.