பொது அறிவுக் கேள்விகளில் சரிபோலத் தோன்றும் தவறான விடைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவின் தலைநகர் எது என்ற கேள்விக்குச் சிட்னி என்று எழுதுபவர் அந்த நாட்டைப் பற்றி எதுவுமே அறியாதவர் அல்லர். அங்குள்ள நகரங்களுள் உலகம் நன்கறிந்தது எது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது, கேட்கப்பட்டதோ வேறு. பொது அறிவுப் போட்டிகளிலும் தேர்வுகளிலும் மதிப்பெண்ணைப் பறிக்கும் விடைகளுள் பல இந்த வகையைச் சேர்ந்தவை. வேறொரு கேள்விக்குச் சரியாக இருந்திருக்கக்கூடிய விடை, இடம் மாறி வந்து அமர்ந்துகொள்கிறது. ஆகவே விடை தெரியுமா தெரியாதா என்று யோசிப்பதோடு நிறுத்திவிடாமல், மனத்தில் முதலில் தோன்றிய விடை உண்மையில் எந்தக் கேள்விக்கு உரியது என்றும் ஒரு கணம் கேட்டுப் பார்த்தால், இத்தகைய தவறுகளுள் பல எழுதுவதற்கு முன்பே பிடிபட்டுவிடும்.

தலைநகர்க் கேள்விகளில் பெருநகரத்தின் பெயரை எழுதுவது இவற்றுள் மிகப் பரவலானது. கனடாவுக்கு டொராண்டோ அன்று, ஒட்டாவா. துருக்கிக்கு இஸ்தான்புல் அன்று, அங்காரா. நியூசிலாந்துக்கு ஆக்லாந்து அன்று, வெலிங்டன். பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, பெருநகரம் ஏன் தலைநகராகவில்லை என்பதைத் தெரிந்துகொள்வது நெடுநாள் நிற்கும். சிட்னியும் மெல்போர்னும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காத நிலையில், இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் புதிதாகக் கட்டப்பட்டதே ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெரா. 1913-இல் பெயர் சூட்டப்பட்ட அந்நகருக்கு 1927-இல்தான் நாடாளுமன்றம் மெல்போர்னிலிருந்து இடம்பெயர்ந்தது. பிரேசில் 1960-இல் ரியோ டி ஜெனீரோவை விட்டுப் பிரசிலியாவுக்கும், நைஜீரியா 1991-இல் லாகோஸை விட்டு அபுஜாவுக்கும் தலைநகரை மாற்றின. பெருநகரத்திலிருந்து ஆட்சியைப் பிரித்து வைக்க வேண்டும் என்றே எடுக்கப்பட்ட முடிவுகள் இவை என்பதால், பெரிய நகரமே தலைநகராக இருக்கும் என்ற ஊகம் இந்நாடுகளில் தோற்றுப்போகிறது.

அடைமொழியைத் தாண்டிச் செல்லும் கண்

இரண்டாவது தவறு, கேள்வியில் உள்ள ஒற்றைச் சொல்லைக் கவனிக்காமல் விடுவது. உலகின் மிகப் பெரிய பாலைவனம் என்றால் பலரும் சகாரா என்பார்கள். பாலைவனம் என்பதைத் தீர்மானிப்பது வெப்பம் அன்று, மழையும் பனியும் எவ்வளவு குறைவாகப் பொழிகின்றன என்பதே. அந்த அளவுகோலின்படி ஏறத்தாழ 1.4 கோடி சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அண்டார்க்டிகாவே மிகப் பெரியது. ஆனால் கேள்வியில் 'வெப்பப் பாலைவனம்' என்று இருந்துவிட்டால், ஏறத்தாழ 90 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சகாராவே சரி. மலைகளிலும் இதே கதைதான். கடல்மட்டத்திலிருந்து அளந்தால் 8,848.86 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட். கடலடியில் உள்ள அடிவாரத்திலிருந்து உச்சி வரை அளந்தால் 10,000 மீட்டரைத் தாண்டும் ஹவாயின் மவுனா கேயா. பூமியின் மையத்திலிருந்து மிகத் தொலைவில் உள்ள உச்சி எது என்றால் எக்வடோரின் சிம்போராசோ. கடைசியாகச் சொன்னது கடல்மட்டத்துக்கு மேல் 6,263 மீட்டர்தான். ஆனால் நிலநடுக்கோட்டருகே பூமி புடைத்திருப்பதால் அதற்கு அந்தப் பெருமை. மூன்றும் சரியான விடைகள், மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு. பூமியின் மேலோட்டில் மிகுதியாக உள்ள தனிமம் ஆக்சிஜன், மிகுதியாக உள்ள உலோகம் அலுமினியம். வளிமண்டலத்திலோ 78 விழுக்காடு நைட்ரஜன். இவை இடம் மாறி எழுதப்படாத தேர்வு அரிது.

நன்கு படித்தவர்களின் கண்ணும் இப்படிச் சறுக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. 'மோசே தம் பேழையில் ஒவ்வொரு விலங்கிலும் எத்தனை ஏற்றினார்?' என்று கேட்டால், விவிலியக் கதையில் பேழை கட்டியவர் நோவா என்பதை அறிந்தவர்களிலேயே பலர் 'இரண்டு' என்று உடனே சொல்லிவிடுவதை எரிக்சன், மேட்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1981-இல் எடுத்துக்காட்டினார்கள். பெயர் ஓரளவு பொருந்துவதுபோல் இருந்தாலே மனம் அதைச் சோதிக்காமல் கடந்துவிடுகிறது. எளிதான கேள்வி என்று தோன்றும்போதுதான் அதை மறுபடி முழுமையாகப் படிக்க வேண்டியிருக்கிறது என்பது சற்று வேடிக்கையான உண்மை.

காரணம் கேட்கும் கேள்விகளில் ஆபத்து இன்னும் கூடுதல். கோடை ஏன் வருகிறது என்ற கேள்விக்கு, அப்போது பூமி சூரியனுக்கு அருகில் இருக்கிறது என்ற விடை மிக இயல்பாக நாவில் வந்து நிற்கும். நெருப்பை நெருங்கினால் சுடும் என்ற அன்றாட அனுபவம் அதற்குத் துணை நிற்பதே காரணம். 1987-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் ஒளிப்படக் கருவியின் முன் நிறுத்திக் கேட்கப்பட்டபோது, பட்டதாரிகளுள் பெரும்பாலோரும் இதே பாணியில்தான் விடை சொன்னார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது சனவரி முதல் வாரத்தையொட்டி. அப்போது இடைத்தொலைவு ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர். சூலைத் தொடக்கத்தில் அது 15.2 கோடியாகிறது. அதாவது வட அரைக்கோளம் குளிர்காலத்தில் இருக்கும்போதுதான் பூமி சூரியனை மிகவும் நெருங்கியிருக்கிறது. பருவங்களுக்குக் காரணம், ஏறத்தாழ 23.4 பாகை அளவுக்குப் பூமியின் அச்சு சாய்ந்திருப்பதே. எந்த அரைக்கோளம் சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்கிறதோ அதன்மீது ஒளி செங்குத்துக்கு அருகாக விழுகிறது, பகலும் நீள்கிறது. இந்தத் தவறைக் கண்டுபிடிக்க எண்கள்கூடத் தேவையில்லை. வடக்கே குளிர்காலமாக இருக்கும் அதே நாளில் தெற்கே கோடை நடக்கிறது என்ற, எல்லோருக்கும் தெரிந்த செய்தி ஒன்றே போதும். தொலைவு காரணமாக இருந்தால் இரண்டும் ஒரே சமயத்தில் நிகழ முடியாது. தோன்றிய விளக்கம் நாம் ஏற்கெனவே உறுதியாக அறிந்த ஒன்றோடு மோதுகிறதா என்று பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை இல்லை.

மிக வெப்பமான கோள் எது என்ற கேள்வியில் புதனை எழுத வைப்பதும் அதே 'அருகில் என்றால் சூடு' என்னும் எண்ணமே. வளிமண்டலம் என்று சொல்லத்தக்க எதுவும் புதனுக்கு இல்லாததால் அதன் இரவுப் பக்கம் உறைகுளிராகிவிடுகிறது. வெள்ளியோ தடித்த கார்பன் டை ஆக்சைடுப் போர்வைக்குள் இரவும் பகலும் 460 பாகை செல்சியசையொட்டிய வெப்பத்தில் கிடக்கிறது.

திசை பற்றிய கேள்விகளில் மனத்தில் உள்ள வரைபடம் நேர்கோடாகத் திருத்தப்பட்டிருக்கும். அட்லாண்டிக் கிழக்கு, பசிபிக் மேற்கு என்ற நினைப்பில், பனாமா கால்வாய் வழியாக அட்லாண்டிக்கிலிருந்து செல்லும் கப்பல் மேற்கே போகிறது என்று எழுதிவிடுவோம். பனாமா நிலப்பகுதி அங்கே வளைந்து கிடப்பதால், கப்பல் தென்கிழக்காகச் சென்று, புறப்பட்ட இடத்துக்குக் கிழக்கே உள்ள முகத்துவாரத்தில் பசிபிக்கை அடைகிறது.

புகழ்பெற்ற பெயரும் 'முதல்' என்ற சொல்லும்

'கண்டுபிடித்தவர் யார்', 'முதன்முதலில் செய்தவர் யார்' என்ற கேள்விகளுக்கு மிகப் புகழ்பெற்ற பெயரை எழுதிவிடுவது இன்னொரு வழக்கம். நீராவிப் பொறி என்றதும் ஜேம்ஸ் வாட்டை நினைக்கிறோம். ஆனால் ஆங்கிலேயரான தாமஸ் நியூகமனின் பொறி 1712-இலேயே சுரங்கத்து நீரை இறைத்துக்கொண்டிருந்தது. நீராவியைத் தனிக் கலத்தில் குளிரவைக்கும் 'தனிச் சுருக்கி'க்கான உரிமத்தை வாட் 1769-இல் பெற்று அதன் திறனைப் பெருக்கினார். தொலைநோக்கியைக் கலிலியோ கண்டுபிடிக்கவில்லை. 1608-இல் நெதர்லாந்தில் அதற்கு உரிமம் கோரப்பட்ட செய்தி எட்டிய பிறகு, 1609-இல் தாமே ஒன்றைச் செய்து வானை நோக்கித் திருப்பினார். உலகை முதன்முதலில் வலம் வந்தவர் மகெல்லன் என்பது பள்ளி நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட விடை. அவர் 1521-இல் பிலிப்பைன்சில் கொல்லப்பட்டுவிட்டார். எஞ்சிய கப்பலை 1522-இல் ஸ்பெயினுக்குக் கொண்டு சேர்த்தவர் அவருடைய பயணக் குழுவில் இருந்த எல்கானோ. ஐன்ஸ்டைனுக்கு 1921-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டதும் சார்பியல் கோட்பாட்டுக்காக அன்று. பரிசுக் குறிப்பு ஒளிமின் விளைவின் விதியையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

இவை ஒரு பக்கம் இருக்க, யாருடைய தவறான புரிதலிலிருந்தும் பிறக்காமல், அடிக்கடி கேட்டுக்கேட்டே உண்மையாகிவிட்ட விடைகளும் உண்டு. ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்பதாலேயே அது உண்மை என்ற உணர்வு வலுக்கிறது என்பது 1977-இல் வெளியான ஆய்விலிருந்து தொடர்ந்து உறுதிப்பட்டு வரும் செய்தி. சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும் என்ற கூற்று, மனிதர் எவரும் விண்வெளிக்குச் செல்வதற்கு முன்பே அச்சில் ஏறிவிட்டது. யாரும் பார்த்துச் சொல்லியிருக்க முடியாத காலத்திலேயே பரவிய ஒன்று என்பதே ஐயத்துக்குப் போதுமானது. நிலவின் சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர். சுவரின் அகலமோ பெரும்பாலும் 10 மீட்டருக்கும் குறைவு. இரண்டையும் வகுத்துப் பார்த்தால், ஒற்றைத் தலைமுடியை இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்கு அது ஒப்பாகும். 2003-இல் பூமியைச் சுற்றிவந்த சீன விண்வெளி வீரர் யாங் லீவெய், அந்தக் குறைந்த உயரத்திலிருந்துகூடச் சுவர் தம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார்.

இத்தகைய திருத்தங்களை நிறையப் படித்தவர்களுக்கென்றே தனியான தவறு ஒன்று காத்திருக்கிறது: எந்தக் கேள்வியிலும் சூழ்ச்சி இருக்கும் என்று எண்ணிக்கொள்வது. 'உலகின் மிக உயரமான சிகரம் எது' என்று நேராகக் கேட்டால் விடை எவரெஸ்ட்தான். அங்கே மவுனா கேயாவை எழுதுவது மதிநுட்பம் ஆகாது. திருத்தம் என்ற பெயரில் உலவும் செய்திகளிலேயே பொய் உண்டு. ஐன்ஸ்டைன் கணிதத்தில் தோற்றவர் என்பதை ஏதோ மறைக்கப்பட்ட உண்மையைப்போலச் சொல்வார்கள். பதினைந்து வயதுக்கு முன்பே நுண்கணிதத்தைக் கற்றுத் தேர்ந்தவர் அவர். 'எல்லோரும் தவறாக நினைத்திருப்பது' என்று தொடங்கும் செய்தியையும் மற்றச் செய்திகளைப் போலவே சோதிக்க வேண்டும். என்னைக் கேட்டால், சற்றுக் கூடுதலாகவே.

படித்தபோது சரியாக இருந்து, பிறகு காலாவதியான விடைகளையும் விட்டுவிடக் கூடாது. புளூட்டோ 2006-இல் குறுங்கோளாக வகைப்படுத்தப்பட்டது. ஐக்கிய நாடுகள் அவையின் உறுப்பு நாடுகள் தென்சூடான் சேர்ந்த 2011 முதல் 193. மக்கள்தொகையில் இந்தியா சீனாவை முந்தியதாக ஐ.நா. மதிப்பீடு கூறியது 2023-இல். கசகஸ்தானின் தலைநகர் அஸ்தானா 2019-இல் நூர்-சுல்தான் எனப் பெயர் மாற்றப்பட்டு, 2022-இல் மீண்டும் அஸ்தானா ஆனது. மிகுதியான நிலவுகள் உள்ள கோள் என்ற இடத்தில் 2023-இன் தொடக்கத்தில் வியாழன் சில மாதங்கள் இருந்தது. அவ்வாண்டே சனி அதை முந்திவிட்டது, 2025-இல் சனிக்கு மேலும் 128 நிலவுகள் ஏற்கப்பட்டன. எண்ணிக்கை மாறக்கூடிய எதையும் ஆண்டோடு சேர்த்தே நினைவில் வைப்பது நல்லது.

கொள்குறி வினாக்களில், தெரிவுகளைப் பார்ப்பதற்கு முன் விடையை மனத்தில் சொல்லிப் பார்க்க வேண்டும். ஏனெனில் தவறான தெரிவுகள் நம்மைக் கவர்வதற்கென்றே எழுதப்பட்டவை. முதலில் தோன்றியதை மாற்றவே கூடாது என்ற அறிவுரையையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. மாணவர்கள் தேர்வுத்தாளில் விடையை மாற்றிய இடங்களை எண்ணிப் பார்த்து 2005-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ பாதி மாற்றங்கள் தவறிலிருந்து சரிக்குச் சென்றிருந்தன; சரியிலிருந்து தவறுக்குச் சென்றவை கால் பங்குதான். சரியானதை மாற்றிக் கெடுத்தது உறுத்திக்கொண்டே இருப்பதால், அது அடிக்கடி நிகழ்வதாக நமக்குத் தோன்றுகிறது.

வினா எழுதுபவர்களுக்கு

வினா தயாரிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, ஏற்கெனவே தொகுக்கப்பட்ட வினாத் தொகுப்பையே சான்றாகக் கொள்வது. அமெரிக்கரான ஃபிரெட் வொர்த் 1974-இல் வெளியிட்ட துணுக்குக் களஞ்சியத்தில், தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் 'பிலிப்' என்று ஒரு பொய்ச் செய்தியைத் தெரிந்தே வைத்தார். தம் நூலிலிருந்து யாராவது எடுத்தால் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதே நோக்கம். 'ட்ரிவியல் பர்சூட்' என்ற பலகை விளையாட்டின் அட்டை ஒன்றில் அதே விடை அச்சாகி வெளிவந்தது. வொர்த் 1984-இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். அவருடைய நூல்களையும் பயன்படுத்தியதை விளையாட்டை உருவாக்கியவர்கள் மறுக்கவில்லை. ஆனால் செய்திகளுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. பணம் தப்பியது, அட்டையில் இருந்த விடை மட்டும் தவறாகவே நின்றது. தொடரில் காட்டப்படும் அடையாள அட்டையில் தெரிவது 'ஃபிராங்க்' என்ற பெயர். பத்து நூல்களில் ஒரே செய்தி இருந்தாலும், பத்தும் ஒன்றிலிருந்தே எடுத்திருந்தால் அது ஒரு சான்றுதான். கொலம்போ கேள்விக்கு அந்தத் தொடரையே பார்த்திருந்தால் போதும். நோபல் பரிசுக்குப் பரிசுக் குறிப்பு, தலைநகருக்கு அந்நாட்டின் சட்டம் என மூலத்துக்கே போவதுதான் பாதுகாப்பு.

இரண்டு சரியான விடைகள் உள்ள கேள்வியைக் கேட்டுவிட்டு ஒன்றுக்கு மட்டும் மதிப்பெண் கொடுப்பதும் நேர்மையற்றது. தென்னாப்பிரிக்காவின் தலைநகர் எது என்று கேட்கக் கூடாது. நிர்வாகத் தலைநகரா, சட்டமன்றத் தலைநகரா, நீதித்துறைத் தலைநகரா என்பதைக் கேள்வியிலேயே சொன்னால்தான் பிரிட்டோரியா, கேப் டவுன், புளூம்ஃபான்டைன் ஆகிய மூன்றுள் ஒன்று விடையாகும். உலகின் மிக நீளமான ஆறு நைல் என்று பெரும்பாலான நூல்கள் சொன்னாலும், தொடக்கத்தையும் முகத்துவாரத்தையும் எங்கே வைத்து அளப்பது என்பதைப் பொறுத்து அமேசான் என்று வாதிடுபவர்களும் உண்டு. கடலில் மிகுதியான நீரைச் சேர்க்கும் ஆறு எது என்று கேள்வியை மாற்றிவிட்டால் அமேசான் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இராது.