கல்கிசை எப்படி முதல் ஸ்டேஷன் ஆனது?

கோட்டை, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை. கொழும்பின் கரையோர ரயிலில் தினமும் வேலைக்குப் போய்வருபவருக்கு இது மனப்பாடம். இந்தப் பெயர்களை ஜாவா நிரல்மொழியில் ஒரு செட்டுக்குள் (ஒரே உறுப்பை இரண்டு தடவை வைக்காத தொகுப்பு) போட்டு, இதே வரிசையில் திரும்ப எடுக்க வேண்டும். ஒரு பெயர் இரண்டு தடவை வரக்கூடாது. அவ்வளவுதான் வேலை.

ஜாவாவின் வழக்கமான செட் வகையான ஹாஷ்செட் வரிசைக்கு எந்த உத்தரவாதமும் தராது. ஆனால் 1, 2, 3 என்று சின்ன எண்களைப் போட்டுப் பார்த்தால் நல்ல பிள்ளையாக வரிசையில் காட்டும். அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். சரி, இன்னொரு வகையான ட்ரீசெட்? அது நாம் போட்ட ஒழுங்கை வைத்திருக்காது, தானே அடுக்கிக்கொள்ளும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் கணக்கில் கல்கிசை முதலில் வந்து நிற்கும், கோட்டை மூன்றாவதாகிவிடும்.

நமக்கு வேண்டியது ஜாவா 1.4இல் வந்த லிங்க்ட்ஹாஷ்செட். ஒவ்வொரு உறுப்புக்கும் முன்னால் எது, பின்னால் எது என்று அது தொடுத்து வைக்கிறது. ஏற்கெனவே உள்ள பெயரை மறுபடி ஆட் செய்தால் பழைய இடத்திலேயே இருக்கும். கடைசிக்கு நகர வேண்டுமானால் நீக்கிவிட்டுச் சேர்க்க வேண்டும். ஜாவா 21 என்றால் ஆட்லாஸ்ட் போதும்.

இவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, ஸ்ட்ரீமில் (உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கடத்தும் ஜாவா வசதி) வடிகட்டி, முடிவைச் செட்டாக்க டுசெட் என்று எழுதினால் வரிசை அங்கேயே போச்சு. டுகலெக்‌ஷன் மூலம், இந்த வகைத் தொகுப்புதான் வேண்டும் என்று லிங்க்ட்ஹாஷ்செட்டையே கேளுங்கள்.

நிரலைச் சோதிக்கும் டெஸ்ட்டும் இதைக் காட்டிக்கொடுக்காது. இரண்டு செட்களை ஈக்வல்ஸ் ஒப்பிடும்போது வரிசையைப் பார்ப்பதே இல்லை. உறுப்புகள் ஒன்றாக இருந்தால் பச்சை விளக்குத்தான். நான் இதில் ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன். இரண்டையும் லிஸ்ட்டாக மாற்றி ஒப்பிட்டால்தான் குட்டு வெளிப்படும்.

அப்புறம், தமிழில் எழுதும் நமக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. கொள்ளுப்பிட்டியின் 'கொ'வில் வரும் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஜாவாவுக்கு அவை இரண்டு வேறு சரங்கள் (எழுத்துத் தொடர்கள்). பட்டியலில் கொள்ளுப்பிட்டி இரண்டு தடவை நிற்கும், நாம் செட்டைத் திட்டிக்கொண்டிருப்போம். உள்ளே போடுமுன் ஜாவாவின் நார்மலைசரில், இப்படிப் பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் ஒரு கொள்ளுப்பிட்டிதான் மிஞ்சும்.